ஹாக்கி கோல்கீப்பர் செல்விக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள செல்விக்கு,

பரு வந்திருக்கிறது என்று நீ அனுப்பிய போட்டோக்களைப் பார்த்தேன். சென்னைத் தண்ணி பிள்ளைக்கு ஒத்துக்கலை என்கிறாள் அம்மா. உடம்புச் சூடு என்கிறாள் சித்தி. எனக்குப் பரு இருக்கிற இடம்தான் கண்ணில் பட்டது. தாடையில் ஹெல்மெட் ஸ்ட்ராப் ஓடுகிற கோட்டில், நெற்றியில் ஸ்பாஞ்சு அழுத்துகிற இடத்தில், தோளிலும் நெஞ்சிலும் பந்தடியைத் தாங்குகிற கார்டு உட்காருகிற அளவுக்கு. மூக்கில் ஒன்றுமில்லை, நடுக் கன்னமும் சுத்தமாக இருக்கிறது. தண்ணீர் காரணமென்றால் இப்படி அளந்து வைத்தாற்போலவா வரும்?

இங்கே கோவில்பட்டியில் தடுப்பாட்டத்தில் ஃபுல் பேக் ஆடினபோது முகத்தில் உனக்கு எதுவும் மாட்டியிருக்காது. இந்தக் கரிசல் காட்டுக் காற்றில் வேர்வையும் நிற்காது. எழும்பூரில் உயரத்தைப் பார்த்துக் கோலில் நிறுத்தினார்கள். அந்த ஊர்ப் புழுக்கத்தில் ஹெல்மெட், தொண்டைக் கார்டு, நெஞ்சுக் கார்டு என்று மணிக்கணக்கில் வேகிறாய். அழுத்தமும் உரசலும் சூடும் ஈரமும் சேர்ந்தால் மயிர்க்கால் வாய் தடித்து அடைத்துக்கொள்கிறது. உள்ளே எண்ணெய் தேங்கி, கிருமி பெருகி, சிவந்து வீங்குகிறது. 1975-லேயே அமெரிக்காவில் மில்ஸ், கிளிக்மன் என்ற இரண்டு தோல் டாக்டர்கள் இதைத் தனியாகப் பிரித்து எழுதி, ஆக்னி மெக்கானிகா என்று பெயர் வைத்தார்கள். ஹெல்மெட் மாட்டி ஆடுகிற அந்த ஊர் ஃபுட்பால் ஆட்டக்காரர்களுக்கும் தோள் கார்டும் தாடை ஸ்ட்ராப்பும் படுகிற இடத்தில் இதே கதைதான்.

அதனால் முகத்தைத் தேய்ப்பதை முதலில் நிறுத்து. ஒரு நாளைக்கு ஐந்து தடவை சோப்பு, அதற்கு மேல் வால்நட் ஸ்க்ரப் என்று எழுதியிருக்கிறாய். உரசலால் வந்ததற்கு இன்னும் உரசலா? காலையும் இரவும் மென்மையான ஃபேஸ்வாஷ், பயிற்சி முடிந்ததும் ஒரு தடவை, அவ்வளவு போதும். துண்டால் ஒற்றி எடு, தேய்க்காதே. ஈர டீ-ஷர்ட்டோடு உட்கார்ந்து அரட்டை அடித்துவிட்டு அரை மணி கழித்துக் குளிப்பது உனக்குப் பழக்கம், எனக்குத் தெரியும். ஹெல்மெட்டைக் கழற்றினதும் நேரே குளியலறைக்குப் போ.

ஸ்ட்ராப்பைத் தளர்த்திவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. பந்து வருகிற வேகத்துக்குப் பரு பெரிய விஷயமில்லை. ஸ்ட்ராப்புக்கு உள்பக்கம் சுற்ற அம்மா பழைய வேட்டித் துணியில் உறை தைத்திருக்கிறாள், தினமும் துவைத்து மாற்று. நெஞ்சுக் கார்டுக்கு அடியில் வேர்வையை இழுக்கிற பனியன் போடு, வெறும் தோலில் கார்டு படவே கூடாது. ஹெல்மெட் பொதுவில் இருப்பது என்றால் போடுவதற்கு முன் ஸ்பாஞ்சைத் துடை. ஈரத்தோடு கிட் பேக்கில் அடைத்து ஜிப் போடாதே, நிழலில் காயட்டும்.

தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னலை இறுக்கிக்கொண்டு ஹெல்மெட் மாட்டினால் அந்த எண்ணெய் வேர்வையோடு நெற்றிக்குத்தான் இறங்கும். எண்ணெய் தேய்ப்பதை லீவு நாளுக்கு வைத்துக்கொள், அன்றைக்கே அலசிவிடு. அம்மாவிடம் சொல்லிவிட்டேன், முகம் சுளித்தாள்.

பார்சலில் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீத ஜெல் வைத்திருக்கிறேன். ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில், பரு வருகிற இடம் முழுக்க மெல்லிசாகத் தடவு. எரிந்தால் இடைவெளி விடு, ஒத்துக்கொண்டால் தினமும். துணிச் சாயத்தை வெளுத்துவிடும், அதனால் வெள்ளைத் தலையணை உறை போட்டுக்கொள், ஜெர்சி பக்கம் கொண்டுபோகாதே. ஒரு வாரத்தில் போகவில்லை என்று போன் பண்ணாதே. எட்டு வாரமாவது பொறு. பரு போன இடத்தில் கறுப்பு நிற்கும், நம் நிறத்துக்கு அது மாதக்கணக்கில் இருக்கும். கிள்ளினால் இன்னும் அதிகம். வெயிலில் இறங்கும்போது எண்ணெய்ப் பிசுக்கில்லாத சன்ஸ்க்ரீன் போடு.

ரூம்மேட் கொடுத்தாள் என்றாயே, அந்த ட்யூப்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. மொமெட்டசோன், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் என்று பின்பக்கம் போட்டிருக்கும், பார். முதலாவது ஸ்டீராய்டு. முதல் வாரம் முகம் பளபளவென்று ஆகும், எல்லோரும் என்ன போடுகிறாய் என்று கேட்பார்கள். பிறகு தோல் மெலிந்து, வெயில் பட்டால் எரிந்து, பழைய பருவுக்கு மேல் புதுப் பருவும் வரும். இந்த மெடிக்கல் ஷாப்பில் உட்கார்ந்து அப்படி முகம் எத்தனையோ பார்த்தாகிவிட்டது. ஸ்டீராய்டு க்ரீம்களை 2018-ல் மத்திய அரசு ஷெட்யூல் எச்-சில் சேர்த்தது, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஆனாலும் பேர் சொல்லிக் கேட்டு வருகிற கூட்டம் குறையவில்லை. ஒன்றிரண்டு நாள்தான் போட்டாய் என்றால் தூக்கிப் போடு. வாரக்கணக்கில் போட்டிருந்தால் நீயாக நிறுத்தாமல் டாக்டரிடம் போ, சட்டென்று விட்டால் முகம் கொந்தளிக்கும்.

எப்படியும் ஒரு தடவை டாக்டரிடம் போகத்தான் வேண்டும். சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கு. முதுகில் ஒரே அளவில் பொடிப்பொடியாக வந்து அரிக்கிறது என்றாயே, அதை மறக்காமல் காட்டு. அது பருவாக இல்லாமல் மயிர்க்காலில் பூஞ்சையாக இருக்கலாம். அப்படியென்றால் மருந்தே வேறு, பருவுக்கான ஆன்டிபயாடிக்கைத் தின்றால் கூடத்தான் செய்யும். மாதவிலக்கு நாள் தள்ளிப்போகிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்லச் சொன்னாள் அம்மா.

உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக, நான் போட்டிகளில் ஆடுகிறவள் என்று சொல். பெண்களுக்குப் பருவுக்காக எழுதுகிற ஸ்பைரனோலாக்டோன் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கிறது. பருவுக்கே கொடுக்கிற இன்னொரு மருந்தான ஐசோட்ரெட்டினாயின் தடையில் இல்லை, ஆனால் சாப்பிடுகிற காலத்தில் கர்ப்பம் கூடவே கூடாது என்கிற மருந்து, சிலருக்குத் தசைவலியும் தரும். அதை யார் கொடுத்தாலும் நீயாக வாங்கி விழுங்காதே.

ஹாஸ்டலில் சுற்றுகிற புரோட்டீன் டப்பாவையும் கொஞ்ச நாள் தள்ளி வை. பாலிலிருந்து எடுக்கிற வே புரோட்டீன் சிலருக்குப் பருவைக் கிளப்புகிறது. அதோடு லேபிளில் இல்லாதது உள்ளே கலந்திருந்தாலும் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டப்போவது நீதான். முட்டையும் சுண்டலும் சாப்பிடு.

பார்சல் செவ்வாய்க்கிழமைக்குள் வந்துவிடும். கடலை மிட்டாய் வேண்டாம், பரு கூடும் என்று அம்மா எடுத்து வைத்துவிட்டாள். நான் ஒரு பாக்கெட்டைத் துணி உறைக்கு அடியில் செருகியிருக்கிறேன், போனில் அதைப் பற்றிப் பேசாதே.

அன்புடன்,
அப்பா