கிரியேட்டினின் ‘நார்மல்’ என்றால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், ‘பைபாஸ் முடிந்தபின் கிரியேட்டினின் இயல்பான அளவுக்குள் இருந்தால் சிறுநீரகம் பற்றிக் கவலை வேண்டாம்’ என்றொரு வரி வந்திருந்தது. (கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் ஒரு கழிவு; சிறுநீரகம் அடிபட்டால் இரத்தத்தில் அதன் அளவு கூடும்.) அதற்குமேல் என்னால் படிக்க முடியவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் என்னிடம் சொல்லப்பட்டதும் இதுவேதான்.

என் தாயாருக்கு அப்போது 68 வயது, எடை 43 கிலோ. பைபாஸ் அறுவைக்கு முன் அவருடைய கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 0.6 மில்லிகிராம், மறுநாள் 1.1. பரிசோதனைத் தாளில் 1.1 வரை இயல்பு என்று அச்சிட்டிருந்ததால், அந்த எண் தடித்த எழுத்தில்கூட வரவில்லை. ஆனால் 48 மணி நேரத்தில் 0.3 கூடினாலே சிறுநீரகம் பாதிக்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும் என்று கேடிகோ என்னும் சர்வதேச சிறுநீரக அமைப்பு 2012-இல் வெளியிட்ட நெறிமுறை கூறுவது தங்கள் மருத்துவக் கட்டுரையாளருக்குத் தெரியாதிருக்க முடியாது. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு என்பதால் மெலிந்த முதியவர்களுக்கு இயல்பாகவே குறைவாக இருக்கும். சிறுநீரகம் அடிபட்டாலும் அது இரத்தத்தில் தேங்கி உயர ஓரிரு நாள் பிடிக்கும். அறுவையின்போது ஏற்றும் திரவங்கள் அதை மேலும் நீர்த்துப்போகச் செய்வதும் உண்டு.

அறுவைக்கு மறுநாள் காலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் உள்ளே விட்டார்கள். இரவு பத்து மணிக்குக் காலி செய்த சிறுநீர்ப் பையில் நூறு மில்லிக் கோட்டைக்கூடத் தொடாமல், தேநீர் நிறத்தில் கொஞ்சம் கிடந்தது. அவர் எடைக்கு மணிக்கு இருபது மில்லிக்கு மேல் வந்திருக்க வேண்டும். கேட்டேன், ‘ரிப்போர்ட் நார்மல்தானே அம்மா’ என்று பதில் வந்தது. சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய வலி ஊசியும் தொடர்ந்தது. நான்காம் நாள் கிரியேட்டினின் 2.9 ஆனது, இரண்டு முறை டயாலிசிஸ் செய்தார்கள். இன்றும் 1.5-க்குக் கீழே இறங்கவில்லை.

இதய அறுவை செய்துகொண்ட குழந்தைகளிடம், சிறுநீரகம் அடிபட்டால் என்ஜிஏஎல் என்னும் புரதம் சில மணி நேரத்திலேயே உயர்வதை 2005-இலேயே கண்டறிந்து வெளியிட்டுள்ளனர். சிறுநீரகச் செயல்பாட்டை அறிய, தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்னும் இரத்தப் பரிசோதனையும் இருக்கிறது. இவை எல்லா ஊரிலும் கிடைக்காது, செலவும் கூடுதல் என்பதை ஏற்கிறேன். ஆனால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க என்ன செலவு?

இவையனைத்தையும் சென்ற ஆண்டே தங்களுக்கு எழுதினேன், வெளிவரவில்லை. அதே பக்கத்தில் இதயப் பரிசோதனை முகாம் விளம்பரங்கள் மட்டும் வாரந்தவறாமல் வருகின்றன. டிஸ்சார்ஜ் தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே தரப்படுவதால், என் தாயாரைப் போன்றோர் தம் உடம்பில் நடந்ததைத் தாமே படித்தறிய வழியில்லை. அவர்களுக்குத் தங்கள் இதழ்தான் துணை என்பதால் வருத்தம் கூடுகிறது.

அந்த வரிக்கு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அறுவைக்கு முந்தைய கிரியேட்டினின் எண்ணை ஒரு தாளில் குறித்துக் கையில் வைத்திருக்குமாறு உடனிருப்போருக்கு அதில் ஒரு வரி சேர்த்தால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி ஒருவர்,
தஞ்சாவூர்.