கணினி அறை இருக்கிறது, கணினி வகுப்பு இல்லை: 9, 10-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழு,
அரசு உயர்நிலைப் பள்ளி,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருவாரூர்.

பொருள்: அரசு உயர்நிலைப் பள்ளியில் 9, 10-ஆம் வகுப்பு மாணவ மாணவியருக்கு வாரம் இரண்டு கணினிப் பாடவேளையும், சொல்லிக்கொடுக்கப் பயிற்றுநர் ஒருவரும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என் மகள் இதே பள்ளியில் 9-ஆம் வகுப்பு படிக்கிறாள். புதுக் கட்டடமோ புதுக் கணினியோ கேட்டு நாங்கள் வரவில்லை. இருக்கிற கணினியில் பிள்ளைகள் கை வைத்துப் பழக நேரமும், பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒரு ஆளும் கேட்டு வந்திருக்கிறோம்.

எங்கள் பள்ளிக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகம் வந்தபோது ஊரே போய்ப் பார்த்தது. 10 கணினி, ஒரு புரொஜெக்டர், இணைய இணைப்பு. இப்போது அதில் ஆறு ஓடுகிறது. மூன்றுக்கு பேட்டரி போய்விட்டது, ஒன்று திறப்பதே இல்லை. ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி நல்ல பையன்தான். ஆனால் எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் பள்ளி விவரப் பதிவேற்றம், இணையவழித் தேர்வு, பக்கத்துப் பள்ளி வேலை என்று அவருக்குப் பொழுது சரியாகிவிடுகிறது. அவர் இல்லாத நாளில் அறை பூட்டியிருக்கும். அவர் இருக்கும் நாளிலும் பிள்ளைகள் தேர்வுக்காக உட்கார்ந்து, நாலு விடையில் ஒன்றைச் சொடுக்கிவிட்டு எழுந்து வருகிறார்கள். அதற்குப் பெயர் கணினி வகுப்பு ஆகாது.

ஒரே ஒரு முறை உண்மையான வகுப்பு நடந்தது. அன்று நான் பள்ளியில் இருந்ததால் பார்த்தேன். கணக்கு ஆசிரியர் தன் சொந்த ஆர்வத்தில் 9-ஆம் வகுப்புப் பிள்ளைகளை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனார். 34 பிள்ளைகள், ஆறு கணினி. ஒரு பையன் மவுசை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். ஆசிரியர் கால்க் விரிதாளைத் திறந்து, "உங்க வீட்டுச் சம்பா சாகுபடிச் செலவை ஒவ்வொன்றா போடுங்க" என்றார். உழவு, விதைநெல், நடவு ஆள் கூலி, யூரியா, டிஏபி, அறுவடை வண்டி வாடகை. பிள்ளைகளுக்கு எல்லாமே தெரிந்திருந்தது. வீட்டில் தினமும் காதில் விழுகிற கணக்கல்லவா. எழுத்தைத்தான் தேடித் தேடி அழுத்தினார்கள். கீழே கூட்டல் சூத்திரம் போட்டதும் மொத்தத் தொகை வந்து நின்றது. வயலில் ஈரம் இருந்ததால் டயர் வண்டி இறங்காமல் செயின் வண்டி வைக்க வேண்டியிருந்தது என்று ஒருவன் வாடகையை மாற்றினான். மொத்தமும் மாறியது. "சார், தானா மாறுது!" என்று கத்தினான். அப்புறம் அவன் கேட்டதுதான் இன்னும் என் மனதில் நிற்கிறது: "இதை அப்பாவுக்குக் காட்ட வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா சார்?"

மணி அடித்துவிட்டது. அடுத்த வாரம் ஆசிரியருக்குத் திருப்புதல் தேர்வு வேலை. அந்த வகுப்பு திரும்ப நடக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் பத்தாவது முடித்து, வெளியூரில் மேல்நிலை படித்த ஒரு பெண் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். கல்லூரி விண்ணப்பம் முழுக்க இணையத்தில்தான் என்பதால் டவுனில் ஒரு பிரவுசிங் சென்டரில் போய்ப் போட்டாள். மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் அவர்களே உருவாக்கினார்கள். கைபேசி எண் கேட்ட இடத்தில், ஓடிபி சீக்கிரம் வரட்டும் என்று கடை எண்ணையே போட்டுவிட்டார்கள். கலந்தாய்வுக்கு அழைத்த குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குப் போனது. இவளுக்குத் தெரிந்தபோது தேதி தாண்டிவிட்டது. அந்த வருடம் அவள் கேட்ட பாடம் கிடைக்கவில்லை. கடைக்காரரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, ஒரு நாளைக்கு நூறு பேருக்குப் பார்க்கிறார். பன்னிரண்டு வருடம் படித்த பெண்ணுக்குத் தன் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்கத் தெரியாமல் போனதே என்பதுதான் எங்கள் வேதனை.

பிள்ளைகள் எல்லோரும் போனில் கெட்டிக்காரர்கள் என்று சொல்பவர்கள் உண்டு. உண்மைதான், ரீல்ஸை இரண்டு நிமிடத்தில் வெட்டி ஒட்டிவிடுவார்கள். அதே பிள்ளைக்கு ஒரு கோப்பை எங்கே சேமித்தோம் என்று தேடத் தெரியாது. ஒரு பக்கம் கடிதம் தட்டச்சு செய்யத் தெரியாது. ஓடிபி கேட்டு வரும் அழைப்பில் ஏமாந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே புகார் சொல்லலாம் என்பதும் தெரியாது. போன் பழக்கம் வேறு, கணினி அறிவு வேறு.

எங்கள் பகுதிக்கு இது ஏன் இவ்வளவு அவசரம் என்பது உங்களுக்கே தெரியும். கொள்முதல் நிலையத்தில் நெல் போட இணையப் பதிவு, பயிர்க் காப்பீட்டுக்கு இ-சேவை மையம், சிட்டா அடங்கல் எல்லாம் இணையத்தில். சம்பா காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசித் தேதி என்பதால் அந்த வாரம் மழையில் குடை பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறோம். சர்வே எண்ணில் உட்பிரிவு ஒன்று மாறினாலும், வங்கிக் கணக்கில் ஒரு இலக்கம் தவறினாலும் இழப்பீடு வராது. விண்ணப்பத்தைத் திரையில் ஒரு தடவை படித்துச் சரிபார்க்க வீட்டில் ஒரு பிள்ளைக்குத் தெரிந்தால், குடும்பத்துக்கே அது காவல். 2018-இல் கஜா புயல் அடித்தபின் நிவாரணத்துக்கு அலைந்தவர்கள் நாங்கள். ஒரு தாளில் ஒரு எழுத்து தப்பினால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்தவர்கள்.

படிப்பு வழியிலும் பாருங்கள். 10-ஆம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடம் காட்சித் தொடர்பு. பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகுவதற்கான ஸ்கிராட்ச் மென்பொருள் பற்றி அதில் இருக்கிறது. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள். ஸ்கிராட்சில் வரும் பூனைப் படத்தைத் திரையில் நகர்த்திப் பார்த்தவர் வகுப்பில் ஒருவர்கூட இல்லை. இதே பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்தால் சி++ நிரல் மொழி, பன்னிரண்டில் பைத்தான் நிரல் மொழி. விசைப்பலகையே பழகாதவர்களுக்கு அது மலையாகத் தெரிகிறது. பயந்து வேறு பிரிவுக்குப் போய்விடுகிறார்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள். தஞ்சாவூர் மேலவஸ்தாசாவடியில் 2024 செப்டம்பரில் கணினி நிறுவனங்களுக்கான மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அங்கே எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறோம்.

ஆகவே நாங்கள் கேட்பது இது. 9, 10-ஆம் வகுப்புகளுக்கு வாரம் இரண்டு பாடவேளை கால அட்டவணையிலேயே கணினிக்கென்று ஒதுக்க வேண்டும். அட்டவணையில் இல்லாவிட்டால் அது நடக்காது என்பதைப் பார்த்துவிட்டோம். கணினி ஆசிரியர் பணியிடம் மேல்நிலைப் பள்ளிக்குத்தான் என்பது தெரியும். ஆனால் 2022-இல் காலிப் பணியிடங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க அரசு அனுமதித்ததே, அதே வழியில் மூன்று பள்ளிக்கு ஒரு பயிற்றுநர், பள்ளிக்கு வாரம் இரண்டு நாள் என்றால்கூடப் போதும். கணினி அறிவியல் படித்து பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கிறார்கள்.

முதலில் தட்டச்சு. ஆங்கிலத்தோடு தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்து. உயிரெழுத்து இடக்கையில், மெய் வலக்கையில் வருகிற முறை, பிள்ளைகள் ஒரு மாதத்தில் பழகிவிடுவார்கள். அப்புறம் மின்னஞ்சல், விண்ணப்பம் நிரப்புதல், கடவுச்சொல் காத்தல், விரிதாள், பணப் பரிமாற்றத்தில் ஏமாறாமல் இருத்தல், ஸ்கிராட்ச். இவ்வளவும் ஒரு கல்வியாண்டுக்குள் அடங்கும். எழுதும் தேர்வு வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் தானே செய்துகாட்டட்டும்.

பழுதான நான்கு கணினியைச் சரிசெய்து, புது பேட்டரி போட்டுத் தர வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் ஆய்வகத்தின் மேற்குச் சுவர் ஓதம் காத்துவிடுகிறது, மேசைகளை அந்தச் சுவரிலிருந்து தள்ளிப் போடும் வேலையை நாங்களே செய்துகொள்கிறோம். அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் வழியாக, வெளியூரில் இருக்கும் எங்கள் பழைய மாணவர்களிடம் கேட்கவும் தயார். பள்ளி முடிந்து மாலை ஒரு மணி நேரம் அறை திறந்திருக்க அனுமதி கொடுத்தால், தாய்மார்கள் இரண்டு பேர் முறை வைத்து உடன் இருப்போம் என்று கூட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

தாங்கள் ஒரு வேலை நாளில், முன்கூட்டிச் சொல்லாமலே, எங்கள் பள்ளிக்கு வந்து அந்த அறையைப் பார்க்க வேண்டுகிறோம். மேட்டூர் திறந்து குறுவை வேலை தொடங்குகிற ஜூன் மாதத்திலேயே இந்த வகுப்பும் தொடங்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழு.

இணைப்பு: குழுக் கூட்டத் தீர்மான நகல், பெற்றோர் கையொப்பப் பட்டியல், பழுதான கணினிகளின் விவரம்.