பழங்குடிப் பள்ளிகள் பற்றிய தொடருக்குத் துணைநின்றவர்களுக்கு

அன்பு நண்பர்களே,

உலகின் பல மூலைகளில் பழங்குடி மக்கள் தாங்களே நடத்தும் பள்ளிகளைப் பற்றி நாம் நடத்திய இணையவழித் தொடர் நல்லபடியாக முடிந்தது. இது ஒருவர் செய்துவிடக்கூடிய வேலை இல்லை. அதனால் நன்றியையும் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தப் பழங்குடி ஆசிரியைக்கு. தாய்மொழி, பாடநூல் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தபோது, "சரி, அங்கே ஆசிரியரை யார் நியமிக்கிறார்கள்? பணம் யார் கையில் இருக்கிறது?" என்று கேட்டீர்களே அக்கா, அதற்குப் பிறகு தொடரின் போக்கே மாறிவிட்டது. அமெரிக்காவின் அரிசோனாவில் 1966இல் தொடங்கிய ராஃப் ராக் பள்ளியை அந்தக் கண்ணோடுதான் பார்த்தோம். அதன் நிர்வாகக் குழுவில் இருந்தவர்கள் அந்தப் பகுதிப் பழங்குடியினரான நவஹோ மக்கள். பெரும்பாலோர் அதிகம் பள்ளிக்கே போகாதவர்கள். ஆனாலும் என்ன கற்றுக்கொடுப்பது, யாரை வேலைக்கு வைப்பது என்பதெல்லாம் அவர்கள் முடிவு.

ஓய்வுபெற்ற நூலகர் ஐயாவுக்கு அடுத்த வணக்கம். கனடாவின் புளூ குவில்ஸ் பள்ளி பற்றிய பழைய ஆவணங்களை நீங்கள் தேடித் தந்திராவிட்டால் அந்த அமர்வே இல்லை. பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளி அது. 1970இல் பெற்றோரும் பெரியவர்களும் கட்டடத்திற்குள் உட்கார்ந்து போராடி அதைத் தங்கள் பொறுப்பில் வாங்கினார்கள். தங்களைக் காயப்படுத்திய சுவர்களுக்குள்ளேயே பேரப்பிள்ளைகளைப் படிக்க வைக்க எவ்வளவு மன உறுதி வேண்டும்! இன்று அது ஒரு பல்கலைக்கழகம்.

ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டு, நியூசிலாந்துப் பழங்குடியினரான மாவோரிகளின் பெயர்களுடைய உச்சரிப்பைத் திருத்திய தம்பி தங்கைகளே, உங்கள் பொறுமைக்கு நன்றி. நியூசிலாந்தில் முதல் கோஹங்கா ரெயோ, அதாவது மாவோரி மொழியிலேயே நடக்கும் மழலையர் பள்ளி, 1982இல் தொடங்கியது. மொழி தெரிந்த பாட்டி தாத்தாக்களே அங்கே ஆசிரியர்கள். மூன்றே ஆண்டில் அப்படி முந்நூறுக்கு மேல் வந்துவிட்டன. அங்கிருந்து ஆங்கிலப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் மொழியை இழக்கத் தொடங்கியதும், பெற்றோர் 1985இல் தங்கள் சொந்தத் தொடக்கப்பள்ளியையே திறந்துவிட்டார்கள். அரசுச் சட்டம் அதை ஏற்றது 1989இல்தான்.

இந்த இடத்தில் நடந்த விவாதம்தான் தொடரிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. அரசுப் பணம் வந்தால் அரசு விதியும் கூடவே வரும் என்று ஒரு நண்பர் விடாமல் வாதிட்டார். அவர் சொன்னது சரிதான். 1990இல் மழலையர் பள்ளிகள் கல்வி அமைச்சின் கீழ் வந்தபின், மற்ற பால்வாடிகளுக்கு வைத்த அதே அளவுகோல் இவற்றுக்கும் வைக்கப்பட்டது. மாவோரிகளோடு செய்த வைத்தாங்கி ஒப்பந்தத்தின் கடமையை அரசு மீறியது என்று, அந்த ஒப்பந்தம் பற்றிய புகார்களை விசாரிக்கும் வைத்தாங்கி தீர்ப்பாயம் 2012இல் சொன்னது. என் கருத்து, பணத்தை வாங்கத்தான் வேண்டும், அது அவர்களுடைய வரிப்பணமும்தான். ஆனால் எது நல்ல பள்ளி என்று அளக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கக் கூடாது. பழங்குடி மக்கள் தங்கள் கல்வி அமைப்பைத் தாங்களே நிறுவி நடத்தலாம் என்று ஐ.நா.வின் 2007 பிரகடனம் 14ஆம் பிரிவில் சொல்வதும் இதைத்தான்.

அப்புறம், ஹவாய் அமர்வுக்குக் கைக்குழந்தையோடு வந்து குறிப்பெடுத்த அம்மாக்கள். ஹவாய் மொழியில் பள்ளி நடத்துவதை 1896 சட்டம் தடுத்தது. அந்தத் தடை இருக்கும்போதே 1984இல் பெற்றோர் பூனனா லேயோ என்ற ஹவாய் மொழி மழலையர் பள்ளியைத் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டு போராடி சட்டத்தையும் மாற்ற வைத்தார்கள். அதைக் கேட்டதும் நீங்கள் அடுக்கிய கேள்விகளில் பாதிக்கு நேரமே போதவில்லை. அந்தக் கேள்விகளை வைத்தே அடுத்த சுற்றைத் தொடங்குகிறோம். முன்கூட்டியே அதற்கும் நன்றி.

அன்புடன்,
தொடரின் ஒருங்கிணைப்பாளர்