பரண் கட்டப்போகும் நண்பனுக்கு

விஸ்கான்சின், அமெரிக்கா,
நவம்பர் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே அனைவரும் நலம். அம்மாவின் முட்டிவலி குறைந்ததா என்று எழுது. பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்ததற்குச் சொல்லத்தக்க காரணம் எதுவும் என்னிடம் இல்லை. உன் கோபம் நியாயமானதுதான், பொறுத்துக்கொள். ஆனால் இந்தக் கடிதம் மன்னிப்புக் கேட்பதற்காக எழுதப்படுவதன்று. நீ கிழக்குக் காட்டில் மக்காச்சோளம் போட்டிருக்கிறாய் என்றும், பன்றித் தொல்லை தாங்காமல் பழைய புளியமரத்திலேயே மறுபடியும் பரண் கட்டப்போகிறாய் என்றும் உன் தங்கை போன வாரம் தொலைபேசியில் சொன்னாள். அன்று முதல் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. நீ முதல் கம்பை வெட்டுவதற்கு முன் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் எழுதுகிறேன்.

செப்டம்பர் கடைசி வாரத்தில் நான் பரணிலிருந்து விழுந்தேன். தரையைத் தொடவில்லை, ஒன்றரை அடி விழுந்ததும், உடம்பில் மாட்டி மரத்தோடு பிணைத்திருந்த பாதுகாப்பு வார் பிடித்து நிறுத்திவிட்டது. உடம்பில் தோள்பட்டைச் சிராய்ப்பைத் தவிர ஒன்றுமில்லை. வீட்டில் இன்னும் முழுவதும் சொல்லவில்லை, அம்மாவிடம் நீயும் சொல்லாதே.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். பக்கத்துப் பண்ணைப் பெரியவரும் நானும் ஏழு ஆண்டுகளுக்கு முன் அவருடைய சரிவில் கட்டிய பரணின் படத்தை உனக்கு அனுப்பியிருந்தேன். ஒரு பக்கம் ஓக் மரம், எதிர்ப்பக்கம் ஆஷ் மரம், இரண்டுக்கும் நடுவே இரண்டு உத்தரக் கட்டைகளைப் போல்ட் போட்டு முடுக்கி, அதன்மேல் பலகை அடித்திருந்தோம். உயரம் 16 அடி. நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் இங்கே துப்பாக்கி மான் வேட்டையின் முக்கியப் பருவம். அதற்கு முன்பே பரணைச் சோதித்து வைப்பது எங்கள் வழக்கம். அன்று மாலை ஏணியில் ஏறி, வலது காலைப் பலகையில் வைத்து, இடது காலை ஏணியிலிருந்து எடுத்த கணத்தில் ஆஷ் மரத்துப் பக்கத்து உத்தரம் போல்ட்டோடு கழன்று கீழே போயிற்று. சத்தம் பெரிதாக இல்லை. நம் ஊரில் காய்ந்த ஆமணக்குத் தண்டை முழங்காலில் வைத்து ஒடிப்போமே, அந்த அளவுதான்.

16 அடி உயரத்திலிருந்து விழும் உடம்பு தரைக்கு வர ஒரே ஒரு விநாடி ஆகும் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தரையில் மோதும்போது வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர், அதாவது நீ உன் எக்ஸ்எல் வண்டியில் சந்தைக்குப் போகும் வேகம். ஒரு விநாடிக்குள் எந்தக் கிளையையும் எட்டிப் பிடிக்க முடியாது. பிடித்துக்கொள்ளலாம் என்று நீயும் நானும் சிறுவயதில் நம்பியதெல்லாம் வெறும் நம்பிக்கை, மாப்பிள்ளை.

மறுநாள் பெரியவரும் நானும் அந்த ஆஷ் மரத்தின் பட்டையைக் கத்தியால் நெம்பிப் பார்த்தோம். பட்டை கைப்பிடியளவு துண்டுகளாக எளிதில் உரிந்து வந்தது. அதன் உட்புறத்திலும் மரத்தின் மேலும் பாம்பு ஊர்ந்த தடம்போல் வளைந்து வளைந்து செல்லும் பள்ளங்கள், அவற்றை நிரப்பியிருந்த மாவுபோன்ற தூள். பட்டையின் வெளிப்புறத்தில் உளுந்தளவுத் துளைகள். ஒவ்வொன்றும் ஒருபுறம் தட்டையாக, அரைவட்டமாக இருந்தது. எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை வண்டின் வேலை அது. கிழக்கு ஆசியாவிலிருந்து வந்து சேர்ந்த இந்த வண்டை அமெரிக்காவில் 2002-ல் மிச்சிகனில் டெட்ராய்ட் பக்கத்தில் முதன்முதலாகக் கண்டார்கள். 2008-ல் விஸ்கான்சினிலும் கண்டுபிடித்தார்கள். இதன் புழுக்கள் பட்டைக்குக் கீழே உள்ள உயிர்ப்படலத்தைத் தின்று, நீரும் உணவும் ஓடும் வழியை அறுத்துவிடுகின்றன. இப்படிச் செத்த ஆஷ் மரம் மற்ற மரங்களைவிட விரைவாக ஈரம் வற்றி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுகிறது. இரண்டு கோடைகளாக அந்த மரத்தின் உச்சியில் இலை குறைந்திருந்ததை நாங்கள் இருவரும் கண்ணால் பார்த்தோம். மரங்கொத்திகள் பட்டையைச் செதுக்கி வெளுப்பாக்கியிருந்ததையும் பார்த்தோம். போன ஆண்டு தாங்கிய மரம் இந்த ஆண்டும் தாங்கும் என்று எண்ணியதுதான் எங்கள் பிழை.

இன்னொரு பிழையும் உண்டு, அது கட்டிய முறையில் இருந்தது. காற்றில் இரண்டு மரங்கள் ஒருபோதும் ஒன்றாக ஆடுவதில்லை. ஒன்று கிழக்கே சாயும்போது மற்றொன்று மேற்கே சாயலாம். அவற்றை இறுக்கமான கட்டைகளால் பிணைத்தால் ஒவ்வொரு காற்றும் போல்ட்டை ஆட்டி ஆட்டி அதைச் சுற்றியுள்ள மரத்தைத் தின்னும். மரவீடு கட்டத் தெரிந்தவர்கள் இதனால்தான் ஒரு முனையை மட்டும் உறுதியாகப் பிணைத்து, மறுமுனை தாங்கியின்மேல் நகர இடம் விடுகிறார்கள். ஆணியின் நிலை இதைவிட மோசம். மரம் பருக்கப் பருக்க ஆணியை உள்ளே இழுக்கும், பலகையை வெளியே தள்ளும், துளையில் நீர் இறங்கி அழுகும். நாம் புளியமரத்தில் அடித்து ஏறிய அந்தக் கட்டைப் படிகளை நினைத்தால் இப்போது உடம்பு நடுங்குகிறது.

அன்று நான் தொங்கியது எட்டு நிமிடம். இந்தப் பகுதியைக் கவனமாகப் படி. விழாமல் காத்த வாரே சற்று நேரத்தில் ஆளைக் கொல்லவும் கூடும். தொடைப் பட்டைகள் அழுத்த, கால்கள் அசையாமல் தொங்கினால், இரத்தம் கால்களிலேயே தேங்கி இதயத்துக்கும் மூளைக்கும் போவது குறைந்து, மயக்கம் வந்து உயிரே போய்விடும். எனக்கு நான்காவது நிமிடத்திலேயே கால்கள் மரத்தன. மிதிவண்டி மிதிப்பதுபோல் கால்களை விடாமல் அசைத்தேன். சட்டைப்பையில் வைத்திருந்த வார்த்துண்டை வளையமாக்கி, அதில் பாதத்தை நுழைத்து எழுந்து நின்றேன். தொடையின் அழுத்தம் குறைந்தது. பெரியவர் ஏணியைத் திருப்பிச் சாத்தும்வரை அந்த வளையம்தான் என்னைக் காத்தது. அவர் கீழே இல்லாமல் நான் தனியாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியை நான் இன்னும் முழுவதுமாக எதிர்கொள்ளவில்லை.

1973-ஆம் ஆண்டின் முதல் நாளிலோ அதற்குப் பின்னோ பிறந்தவர்கள் பாதுகாப்பு வகுப்பை முடித்தால்தான் இங்கே வேட்டை உரிமம் கிடைக்கும். அந்த வகுப்பில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: கால் தரையை விட்டு எழும் முன்பே மரத்தோடு உன்னைப் பிணைத்துக்கொள். மேலே போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று ஏறுவதில்தான் ஆபத்து. ஏறும்போதும், இறங்கும்போதும், ஏணியிலிருந்து பலகைக்குக் கால் மாற்றும்போதும்தான் பெரும்பாலோர் விழுகிறார்கள். இதற்காகப் பரணுக்கு மேலே, ஆள் உயரத்துக்கும் மேல், மரத்தில் ஒரு தடித்த கயிற்றைக் கட்டித் தரைவரை தொங்கவிட வேண்டும். அதன்மேல் மெல்லிய கயிற்று வளையம் ஒன்றை மும்முறை சுற்றி இறுக்கினால் அது புருசிக் முடிச்சு. 1931-ல் கார்ல் புருசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி உலகுக்கு அறிமுகப்படுத்தியது. கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு மேலே போகும்; பாரம் விழுந்தால் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். வாரின் முதுகுப் பட்டையை இந்த முடிச்சில் மாட்டிக்கொண்டு, ஏற ஏற முடிச்சையும் தலைக்கு மேல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். பரணில் உட்கார்ந்த பிறகும் கயிற்றில் தொய்வு இருக்கக்கூடாது. பனையேறிகள் தளைநாரைத் தொட்டுக் கும்பிட்டு ஏறுவதை நீ கேலி செய்வாய் அல்லவா? அவர்கள் அறிந்ததை நாம் அறிந்திருக்கவில்லை.

வார் என்று நான் சொல்வது தோள், மார்பு, இரண்டு தொடை எல்லாவற்றையும் சுற்றிப் பிடிக்கும் முழு ஹார்னஸ். கட்டட வேலையில் சேஃப்டி பெல்ட் என்ற பெயரில் இடுப்பில் மட்டும் மாட்டும் பட்டை ஒன்றும் விற்கிறது. அதை வாங்காதே. விழுந்தால் அது விலாவுக்கு ஏறி மூச்சை அடைக்கும்.

இப்போது நாங்கள் கட்டியிருக்கும் புதிய பரண் எந்த மரத்தையும் நம்பவில்லை. ஆறங்குலச் சதுரக் கால்கள் நான்கு, பத்தடி உயரம், மேலே நெருங்கி அடியில் அகன்று நிற்கும் அமைப்பு; நான்கு பக்கமும் குறுக்குச் சட்டங்கள். உத்தரத்தைக் காலின் பக்கவாட்டில் ஒட்டவைத்துப் போல்ட்டை நம்பாமல், காலில் படி வெட்டி அதன்மேல் உட்கார வைத்தோம். எடை எப்போதும் மரத்தின்மேல் உட்கார வேண்டும், போல்ட்டின் வேலை நகராமல் பிடிப்பது மட்டுமே. மருந்தேற்றிய மரத்தில் இப்போது செம்பு கலந்திருப்பதால் சாதாரண இரும்பு ஆணி சில ஆண்டுகளில் அரித்துவிடும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த போல்ட்டும் அகன்ற வாஷரும் போட்டோம். செங்குத்து ஏணிக்குப் பதில் சாய்வான படி, கைப்பிடி பலகைக்கு மேல் மூன்றடி நீண்டிருக்கும். கால் மாற்றும் கணத்தில் கைக்கு ஏதாவது அகப்பட வேண்டும் அல்லவா? விடியற்காலையில் பலகைமேல் உறைபனி கண்ணாடிபோல் படிந்திருக்கும் என்பதால் சொரசொரப்பான கூரைத்தாளை விரித்து அறைந்திருக்கிறோம். தளத்தைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைத்து எங்கள் இருவர் எடையைப் போல் இரு மடங்கு மணல்மூட்டை ஏற்றி ஒரு நாள் முழுக்கப் பார்த்த பிறகுதான் மேலே தூக்கினோம். துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு ஏறுவதில்லை. தோட்டாவை எடுத்துவிட்டு, குழல் கீழ்நோக்கி இருக்கக் கயிற்றில் கட்டி, மேலே போய் வாரைச் சரிபார்த்த பின்பே இழுத்துக்கொள்கிறோம்.

புள்ளிமானைக் கல்லெறியாமல் விரட்டியவன் இன்று வெண்வால் மானைச் சுடுகிறானே என்று நீ கேட்டது நினைவிருக்கிறது. அதற்குத் தனியாக எழுதுகிறேன். இன்று உன் பரண்தான் முக்கியம்.

நான் மேலே எழுதியதை அப்படியே நீ செய்யக்கூடாது. கால் நட்ட பரண் எங்களுக்குச் சரி, உனக்கு ஆபத்து. இங்கே யானை இல்லை. ராகிக்கும் சோளத்துக்கும் இறங்கி வரும் கொம்பன் ஒன்பதடி உயரம், துதிக்கை அதற்கும் மேலே போகும். ஒரு காலை முட்டினால் முழுப் பரணும் சரியும். உன் ஊருக்குப் பருத்த உயிர்மரமே சரி. ஆனால் அந்தப் புளியமரம் இன்னும் அதே மரம்தானா என்பதை முதலில் பார். அரிவாளின் பின்புறத்தால் அடிமரத்தைச் சுற்றிலும் தட்டிக் கேள். பொந்து இருந்தால் ஓசை மாறும். அடியில் காளான் தட்டுகள் முளைத்திருக்கின்றனவா, கரையான் மண்கோடு ஏறியிருக்கிறதா, தலைக்கு மேலே காய்ந்த கொம்பு தொங்குகிறதா என்று பார். கம்புகள் கவைகளின்மேல் படுத்திருக்க வேண்டும், கயிற்றில் தொங்கக்கூடாது. தேங்காய்நார்க் கயிறு மழையில் நனைந்து நாளடைவில் மக்கும், நைலான் வெயிலில் நொறுங்கும்; எதைக் கட்டினாலும் அறுவடை முடிந்ததும் அவிழ்த்துவிட்டு அடுத்த பருவத்தில் புதிதாகக் கட்டு. டார்ச், தகரம், கம்பளி எல்லாவற்றையும் கயிற்றில் இழுத்துக்கொள். நாலு பக்கமும் இடுப்பளவு தடுப்பு வை. தூங்கும்போதும் வாரைக் கழற்றாதே.

சித்தப்பாவைப் பற்றி நாம் இருவரும் இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூடப் பேசியதில்லை. அன்று இரவு அவர் விழித்திருந்தாரா, தூக்கத்தில் புரண்டாரா என்று யாருக்கும் தெரியாது. காலையில் நீதான் முதலில் போனாய். தொங்கிக்கொண்டிருந்த அந்த எட்டு நிமிடமும் எனக்கு அவர் முகமே தெரிந்தது. உன் மகனுக்கு இப்போது அன்றைய உன் வயது.

டிசம்பர் மூன்றாம் வாரம் என் மைத்துனர் கோயம்புத்தூர் வருகிறார். அவர் கையில் ஒரு முழு ஹார்னஸ், முப்பதடிக் கயிறு, முடிச்சுக்கான வளையம், பாதவளையம், ஒரு விசில் கொடுத்தனுப்புகிறேன். வாரின்மேல் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதி வரைதான் அதைப் பயன்படுத்த வேண்டும். அதற்குள் பன்றி எவ்வளவு தின்றாலும் தின்னட்டும், அந்த நட்டத்தை நான் ஏற்கிறேன். நீ மட்டும் மரத்தில் ஏறாதே. மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, அடிமரத்தின் சுற்றளவையும் முதல் கவை எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பதையும் அளந்து எனக்கு எழுது. கயிற்றின் நீளம் போதுமா என்று அதை வைத்துத்தான் நான் முடிவு செய்ய வேண்டும்.

உன்,
பழைய பரண் தோழன்