நடிகையின் உடையைப் பற்றி எழுதுங்கள். உடலைப் பற்றி வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில், திரைக்கலைஞர்கள் விழாக்களுக்கு அணிந்துவரும் உடைகளுக்கென்று ஒரு முழுப் பக்கம் ஒதுக்கப்படுகிறது. பெண்களுக்கான உடைகளை வெட்டித் தைப்பதைத் தொழிலாகக் கொண்டவள் என்ற முறையில் அந்தப் பக்கத்தை நான் தவறவிடுவதே இல்லை. உடை அலங்காரத்துக்கெல்லாம் செய்தித்தாளில் இடம் எதற்கு என்று கேட்பவர்களின் கட்சியில் நான் சேரமாட்டேன். நல்ல வெட்டும் நல்ல தையலும் பேசப்பட வேண்டியவை என்றே நம்புகிறேன். என் மனக்குறை வேறு. அந்தப் பக்கத்தில் உடையைப் பற்றிய எழுத்து வரவரக் குறைந்து, உடையை அணிந்திருக்கும் பெண்ணின் இடுப்பு, வயிறு, தொடை, எடை ஆகியவற்றின் மீதான தீர்ப்புகள் பெருகிவிட்டன. ஒரு நடிகை 'ஆளே மாறிப்போனார்'. இன்னொருவரைக் 'குழந்தை பெற்றவர் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்'. மற்றொருவர் 'எடை கூடி ரசிகர்களுக்கு அதிர்ச்சி கொடுத்தார்'. இந்த மூன்று படங்களின் கீழும், அணிந்திருப்பது என்ன துணி, அதை வடிவமைத்தவர் யார் என்பதற்கு ஒரு வார்த்தைகூட இல்லை.

இவ்வரிகள் எங்கே போய்ச் சேருகின்றன என்பதை என் தொழிலில் இருப்பவர்கள் நாள்தோறும் பார்க்கிறோம். அளவெடுக்க நிற்கும் பெண், இன்ச் டேப்பை இடுப்பில் சுற்றியவுடன் மூச்சை இழுத்து வயிற்றை எக்கிக்கொள்கிறாள். மூச்சை விட்டு இயல்பாக நில்லுங்கள் என்றால், "எப்படியும் அடுத்த மாதம் இளைத்துவிடுவேன், அதற்குத் தகுந்த மாதிரியே தைத்துவிடுங்கள்" என்கிறாள். அளவை வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், எழுதிக்கொண்டால் போதும் என்று தணிந்த குரலில் கேட்டுக்கொள்பவர்கள் பலர். கையைத் தூக்கச் சொன்னால், கை பருமனாக இருப்பதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்பவர்களும் உண்டு. பள்ளியில் படிக்கும் ஒரு பெண், கைப்பேசியில் ஒரு நடிகையின் படத்தைக் காட்டி அதே போன்ற கவுன் வேண்டும் என்றாள். அந்தக் கழுத்து வெட்டு அவளுக்கு மிகப் பொருத்தமாக அமையும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், படத்தின் கீழிருந்த வரியின் மேல் விரலை வைத்து, "முதலில் நான் இப்படி ஆக வேண்டும் அக்கா, அப்புறம் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த வரி நடிகையின் இடை எத்தனை அங்குலம் குறைந்தது என்பதைப் பற்றியது. படத்தைப் பார்த்தபோது உடைமேல் ஆசைப்பட்டவள், வரியைப் படித்த பிறகு தன் உடலை வெறுக்கத் தொடங்கினாள் என்பதுதான் நான் கண்டது.

அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லாத ஒன்று, அப்படங்கள் எப்படி உருவாகின்றன என்பது. பெரிய வடிவமைப்பு நிறுவனங்கள் ஒரு புதிய உடையை விற்பனைக்கு அனுப்பும் முன், காட்சிக்கும் படப்பிடிப்புக்குமாக ஒரே அளவில், மிகச் சிறிய அளவில், ஒரு சாம்பிளைத் தைக்கின்றன. அதற்குள் அடங்கும் பெண்ணையே மாடலாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதே சாம்பிள்தான் பத்திரிகைகளின் அட்டைப்படத்துக்கும் விருது விழாக்களுக்கும் இரவலாகப் போகிறது. உடல் அந்த அளவுக்குள் வராத நடிகைக்கு இரவல் கொடுக்க ஆளில்லை. 2016-இல் தன் படத்தின் சிறப்புக் காட்சிக்கு உடை தர எந்த வடிவமைப்பாளரும் முன்வரவில்லை என்று அமெரிக்க நடிகை லெஸ்லி ஜோன்ஸ் வெளிப்படையாகவே சொன்னார். கிறிஸ்டியன் சிரியானோ என்ற வடிவமைப்பாளர் முன்வந்து தைத்துக் கொடுத்த பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது. அதே ஆண்டு கோல்டன் குளோப் விருது விழாவுக்கு நடிகை பிரைஸ் டல்லாஸ் ஹோவர்டு தன் அளவில் தெரிவுக்குப் போதிய உடைகள் கிடைக்காததால் கடையில் தானே வாங்கிய உடையில் வந்தார். அவர் குறிப்பிட்டது அமெரிக்க அளவில் 6; அது பெரிய அளவே அல்ல என்பது இத்தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரியும். எதிர்த்திசையிலும் இப்படித்தான்: உடை மாடலுக்குத் தொளதொளவென்று இருந்தால் முதுகுப் பக்கம் கிளிப்புகளை வரிசையாகப் போட்டு இறுக்கி, முன்பக்கத்தை மட்டும் படம் எடுக்கிறார்கள். வாசகி காண்பது பாதி உடையைத்தான்.

2022 மே மாதம் நியூயார்க்கில் நடந்த, பிரபலங்கள் விதவிதமான உடைகளில் வரும் மெட் காலா விழாவில் நிகழ்ந்தது, தையல் தொழிலில் இருக்கும் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோ 1962-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் பிறந்தநாள் விழாவில் பாடியபோது அணிந்த உடை, அவர் உடலின் மீதே வைத்துத் தைத்ததைப் போல அத்தனை கச்சிதமாக அவருக்கென்றே செய்யப்பட்டது. அறுபது ஆண்டுகள் கழித்து அதைத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் அணிய விரும்பினார். பழம்பொருள் என்பதால் அதில் ஒரு தையலைக்கூட மாற்ற முடியாது. ஆகவே மூன்று வாரங்களில் 16 பவுண்டு, அதாவது ஏழு கிலோவுக்கு மேல், எடையைக் குறைத்ததாக அவரே சொன்னார். அப்படியும் பின்பக்கம் முழுதாக மூடாததால், அதன்மேல் வெண்ணிற மேலாடை ஒன்றைப் போர்த்திக்கொண்டு சில நிமிடங்கள் விழா அரங்கின் படிகளில் ஏறிவிட்டு, பிறகு நகல் உடைக்கு மாறிக்கொண்டார். உடலுக்கு ஏற்பத் துணியை வெட்டுவதற்காகவே தையல் என்ற கலை உண்டானது. இங்கே துணிக்கு ஏற்ப உடலை வெட்டினார்கள். எண்ணற்ற ஊடகங்கள் அதை விடாமுயற்சிக் கதையாக வெளியிட்டன. மூன்றே வாரங்களில் இப்படி எடையைக் குறைப்பது உடலை என்ன செய்யும் என்று கேட்டவர்கள் சிலர்தான். அவர்களில் லிலி ரெய்ன்ஹார்ட் என்ற இளம் நடிகையும் ஒருவர்.

நான் குறைகூறுவது கேலியை மட்டுமல்ல என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். பாராட்டும் அதே அளவு தீங்கானது. சில சமயம் கூடுதல் தீங்கானது, ஏனெனில் கேலியை எதிர்த்து வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள், பாராட்டை எதிர்த்து யாரும் எழுதமாட்டார்கள். இளைத்தவரைப் புகழும்போது, இளைக்காதவர்மீதும் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. பிரசவமான சில மாதங்களிலேயே பழைய உடல்வாகுக்குத் திரும்பிய நடிகையை வாழ்த்தும் வரி, இரவெல்லாம் கண்விழித்துப் பாலூட்டும் தாய்க்கு எதைச் சொல்கிறது? மேலும், ஓர் உடல் ஏன் மாறியது என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. ஹாலிவுட் நடிகை ஜெனிஃபர் அனிஸ்டனின் வயிற்றைப் பெரிதாக்கிக் காட்டி அவர் கர்ப்பமா என்று ஊகம் எழுதாத பொழுதுபோக்கு இதழ் அநேகமாக அமெரிக்காவில் இல்லை. 2016-இல் அவர் பொறுமையிழந்து, தான் கர்ப்பமாக இல்லை என்றும், பெண்களை இப்படிக் கூறுபோட்டு ஆராய்வதால் சலித்துப்போனதாகவும் ஒரு கட்டுரை எழுதினார். அந்த ஆண்டுகளில் தான் குழந்தைக்காகக் கருத்தரிப்புச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்ததையும், அது கைகூடாமல் போனதையும் 2022-இல்தான் அவர் வெளியே சொன்னார். ஒரு பெண்ணின் ஆழ்ந்த துயரத்தின்மீது அத்தனை ஆண்டுகளாக அம்பு எய்துகொண்டிருந்தவர்களுக்கு, தாங்கள் எதன்மீது எய்கிறோம் என்பதே தெரிந்திருக்கவில்லை.

'அவர்கள் காட்டுகிறார்கள், நாங்கள் எழுதுகிறோம்' என்று இதற்குச் சமாதானம் சொல்வதுண்டு. பாடகி பில்லி ஐலிஷின் கதையை அறிந்தவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். உள்ளே உடல் எப்படி இருக்கிறது என்று யாரும் கருத்துச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே தொளதொளப்பான உடைகளை அணிவதாக 2019-இல் அவர் சொன்னார். மறு ஆண்டு, சாதாரணக் கையில்லாச் சட்டையுடன் தெருவில் நடந்த அவரை யாரோ படம் பிடித்துப் பரப்ப, அவருடைய உடல் இணையமெங்கும் விவாதப் பொருளாயிற்று. அப்போது அவருக்கு வயது 18. அதற்கடுத்த ஆண்டு, தாமே விரும்பி இடையை இறுக்கும் கார்செட் உடையில் ஓர் இதழின் அட்டையில் தோன்றியபோது, கொள்கையை விற்றுவிட்டார் என்று ஏசினார்கள். மூடினாலும் ஏச்சு, திறந்தாலும் ஏச்சு என்றால் குற்றம் உடையில் இல்லை. 2014-இல் தீபிகா படுகோனின் மார்பைச் சுட்டிக்காட்டி ஒரு பெரிய ஆங்கில நாளேட்டின் சமூக வலைத்தளப் பக்கம் செய்தி வெளியிட்டபோது, ஆம், நான் ஒரு பெண், எனக்கு மார்பு இருக்கிறது, அதில் உங்களுக்கு என்ன பிரச்சினை என்ற பொருளில் அவர் கொடுத்த பதிலடி பலருக்கு நினைவிருக்கும். அந்தத் துணிவு எல்லாருக்கும் வாய்க்காது. வாய்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

படங்களைத் திருத்துவது பற்றியும் ஒரு வார்த்தை. 2003-இல் ஓர் ஆண்கள் இதழின் அட்டையில் தன் கால்களை மெலிதாக்கிக் காட்டியதைப் பார்த்து, நான் இப்படி இல்லை, இப்படி இருக்க விரும்பவும் இல்லை என்றார் நடிகை கேட் வின்ஸ்லெட். 2015-இல் 19 வயது நடிகை ஜெண்டாயா, தன் இடுப்பும் மேலுடலும் செதுக்கப்பட்ட படத்தையும் உண்மையான படத்தையும் அருகருகே வைத்து வெளியிட்டார். விளம்பரங்களில் மாடலின் உடல் மெலிதாகவோ பருமனாகவோ மாற்றப்பட்டிருந்தால் அதை அறிவிக்க வேண்டும் என்ற விதி, பிரான்சில் 2017 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. மீறினால் 37,500 யூரோ வரை, அல்லது விளம்பரச் செலவில் 30 சதவீதம் வரை அபராதம். நார்வேயில் 2022 ஜூலை முதல், சமூக வலைத்தளங்களில் பணம் பெற்று விளம்பரம் செய்பவர்களுக்கும் இத்தகைய விதி பொருந்துகிறது. வரவேற்க வேண்டிய சட்டங்கள்தாம். ஆனால் இரண்டும் விளம்பரங்களையே கட்டுப்படுத்துகின்றன. செய்திப் பக்கத்தில் என்ன படம், அதன் கீழ் என்ன வரி என்பதை எந்தச் சட்டமும் தீர்மானிப்பதில்லை. அது ஆசிரியர் மேசையின் பொறுப்பு. இக்கடிதத்தை அரசுக்கு எழுதாமல் தங்களுக்கு எழுதுவதன் காரணமும் அதுவே.

ஒரு படமும் ஒரு வரியும் அவ்வளவு பெரிய தீங்கைச் செய்துவிடுமா என்று ஐயப்படுவோர், ஃபிஜித் தீவுகளில் ஆன் பெக்கர் என்ற ஹார்வர்டு ஆய்வாளர் கண்டதை அறிந்துகொள்வது நல்லது. வாளிப்பான உடலே அழகு என்று கருதிவந்த நட்ரோகா பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது 1995-இல். அப்போது அவர் விசாரித்த பள்ளி மாணவியரில், எடையைக் குறைப்பதற்காகச் சாப்பிட்டதை வாந்தியெடுப்பவர் ஒருவர்கூட இல்லை. 1998-இல் மீண்டும் போய்க் கேட்டபோது அப்படிச் செய்பவர்கள் 11.3 சதவீதம் இருந்தார்கள். தொலைக்காட்சியில் வரும் பெண்களைப் போல் ஆக வேண்டும் என்று அம்மாணவியரே அவரிடம் சொன்னார்கள். மூன்றே ஆண்டுகள். இன்று அந்தத் திரை ஒவ்வொரு சிறுமியின் உள்ளங்கையிலும் இருக்கிறது. தங்கள் நாளிதழின் இணையப் பக்கமும் அதே திரையில்தான் திறக்கிறது. அச்சில் வராத படத்தொகுப்புகளும் அச்சில் எழுதக் கூசும் தலைப்புகளும் அங்கே வருகின்றன என்பதை வருத்தத்துடன் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது.

வாசகர்கள் விரும்புவதையே தருகிறோம் என்று தங்கள் அலுவலகத்தில் யாரேனும் சொல்லக்கூடும். வேறொன்றைத் தந்து பார்த்த பிறகு அதைச் சொல்லட்டும். உடையைப் பற்றி எழுத விஷயமா இல்லை? நேராக வெட்ட வேண்டிய துணியை கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டினால், ஊக்கும் இறுக்கமும் இல்லாமலே அது எந்த உடலின் மீதும் வழுக்கிக்கொண்டு படியும். 1920-களில் பாரிசில் மதலின் வியோனே என்ற பெண் அந்த வெட்டில் அடைந்த தேர்ச்சியைப் பார்த்துத்தான் அதற்குப் பின் வந்த வடிவமைப்பாளர்கள் பாடம் படித்தார்கள். பருமனான கைக்கு எந்த வகைச் சட்டைக்கை வைத்தால் தூக்கவும் மடக்கவும் வசதியாக இருக்கும். உடல் கூடினாலும் குறைந்தாலும் பிரித்துத் தைக்க உள்ளே எவ்வளவு துணி விட வேண்டும். ஆண்களின் உடையில் தவறாமல் இருக்கும் சட்டைப்பை, பெண்களின் உடையில் ஏன் கைக்குட்டைகூடக் கொள்ளாத அளவுக்குச் சுருங்கியது. விழா மேடையில் மின்னும் அந்த மணிவேலையைக் கண் வலிக்கக் கோத்தவர் யார், அவருக்கு என்ன கூலி கிடைத்தது. இவற்றில் ஒன்றை ஒரு வாரம் எழுதுங்கள். என்னிடம் வருபவர்கள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கொண்டுவருவார்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

தங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. ஒரு கலைஞர் தன் எடையையோ உடல்நிலையையோ பற்றித் தாமே பேசியிருந்தாலன்றி, அவருடைய உடல் கூடியது, குறைந்தது என்ற குறிப்பு எந்தப் படத்தின் கீழும் வரக் கூடாது. உடலின் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கி வெட்டிய படங்கள் அச்சிலும் வேண்டாம், இணையத்திலும் வேண்டாம். விளம்பரத்துக்காக நிறுவனம் கொடுத்த படமானால் அதைச் சொல்லிவிடுங்கள். உடையைத் தைத்தவர் பெயர் தெரிந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள். விருது விழாக்கள் தொடங்கவிருக்கும் நேரம் இது. அந்தப் பக்கத்தைத் தயாரிக்கும் உதவியாசிரியர்கள் முதல் விழாவின் படங்களைத் தேர்ந்தெடுக்க உட்காரும் முன்பே இக்கடிதம் அவர்கள் கைக்குக் கிடைக்குமாறு செய்ய வேண்டுகிறேன். என்னிடம் அளவு கொடுத்தவர்கள் தங்களை அடையாளம் கண்டுகொள்ளக் கூடும் என்பதால், வெளியிடுவதானால் என் பெயரைத் தவிர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெண்கள் உடை தைக்கும் வாசகி ஒருவர்