மருந்தாய்வு நெறிமுறைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மருந்தியலும் மருத்துவப் புள்ளியியலும் கற்பிப்பவர்கள் நாங்கள். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் மேசைக்கு வரும் ஆய்வுத் திட்டத்தில் "பெண்களும் சேர்க்கப்படுவர்" என்ற ஒரு வரியைப் பார்த்துவிட்டு ஒப்புதல் தந்துவிடாதீர்கள். அந்த வரி போதாது என்பதற்குக் கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளின் மருத்துவ வரலாறே சாட்சி.

தாலிடோமைடு 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. தூக்கத்துக்கும் கர்ப்பிணிகளின் மசக்கைக்கும் அதைக் கொடுத்தார்கள். 1961இல் அங்கே அது நிறுத்தப்பட்டது. பல நாடுகளிலும் சேர்த்து ஏறக்குறைய 10,000 குழந்தைகள் கை, கால் குறைபாடுகளோடு பிறந்தார்கள். வயிற்றில் உள்ள கருவை அந்த மருந்து என்ன செய்யும் என்று முறையாகச் சோதிக்காமல் விற்றதன் விளைவு இது. ஆனால் கற்றுக்கொண்ட பாடமோ தலைகீழாகப் போனது. கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கக் கட்டச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று 1977இல் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ வழிகாட்டியது. திருமணமாகாதவர், கருத்தடை மாத்திரை எடுப்பவர், கணவர் வாசெக்டமி (ஆண் கருத்தடை அறுவை) செய்துகொண்டவர் என எல்லோரும் அதில் அடங்கினார்கள். உயிருக்கு ஆபத்தான நோய்களுக்கு மட்டும் விலக்கு. 1993 வரை இதுதான் நிலை. மருந்து கடைக்கு வந்த பிறகு பெண்களுக்கும் அதே அளவில்தான் எழுதிக் கொடுத்தார்கள். சோதனைக்கூடத்தில் வேண்டாம் என்ற அபாயத்தை, கண்காணிக்க ஆளில்லாத வீட்டுக்குள் அனுப்பிவைத்ததைப் பாதுகாப்பு என்று எங்களால் ஏற்க முடியவில்லை.

சொல்பிடம் என்ற தூக்க மாத்திரையைப் பாருங்கள். 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும் 10 மி.கி. பெண்ணுடலில் இந்த மருந்து மெதுவாகத்தான் வெளியேறுகிறது. இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராமுக்கு மேல் இருந்தால் வண்டி ஓட்டும் திறன் குறையும். இரவு பத்து மணிக்கு மாத்திரை போட்டவர்களைக் காலை ஆறு மணிக்குச் சோதித்தால், அந்த அளவைத் தாண்டியவர்கள் பெண்களில் சுமார் 15 சதவீதம், ஆண்களில் 3 சதவீதம். பெண்களுக்கான அளவு 5 மி.கி.யாகக் குறைக்கப்பட்டது 2013இல். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. 1997 முதல் 2000 வரை அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்ட பத்து மருந்துகளில் எட்டு, பெண்களுக்கே கூடுதல் ஆபத்தைத் தந்தவை என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பு 2001இல் கணக்குக் காட்டியது.

ஆஸ்பிரின் கதையும் இப்படித்தான். முதல் மாரடைப்பைத் தடுக்கிறது என்று 1989இல் வெளியான பெரிய ஆய்வில் இருந்த 22,071 பேரும் ஆண் மருத்துவர்கள். 39,876 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2005இல்தான் வந்தது. அதில் பக்கவாதம் குறைந்தது. முதல் மாரடைப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. இரண்டு ஆய்வுகளிலும் கொடுத்த அளவு வேறு (325 மி.கி., 100 மி.கி.) என்பதால் நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது. முதல் ஆய்விலேயே பெண்களும் இருந்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

இனி, நீங்கள் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு வருகிறோம்.

எத்தனை பெண்கள், ஏன் அத்தனை பேர் என்று கேளுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் மருந்தின் பலன் வேறுபடுகிறதா என்று அறிய, அந்த வேறுபாடு மருந்தின் மொத்தப் பலன் அளவுக்கே இருந்தாலும், வழக்கமான ஆய்வைப்போல் நான்கு மடங்கு ஆட்கள் தேவை. ஐந்தில் ஒருவர் பெண் என்று சேர்த்துவிட்டுச் சராசரி எடுத்தால், ஆண்களின் முடிவுதான் இருவர் பெயரிலும் வெளியாகும். எல்லா ஆய்வுக்கும் நான்கு மடங்கு திரட்டப் பணம் இருக்காது, தெரியும். அப்போதும் ஆண், பெண் முடிவுகளைத் தனித்தனி அட்டவணையாக, பக்கவிளைவுகளையும் சேர்த்து, வெளியிடும்படி நிபந்தனை போடலாம். பிறகு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்க அதுவே உதவும்.

"ஆண்களில் பலன் தெரிந்தது, பெண்களில் தெரியவில்லை" என்று எழுதி முடிக்கும் பகுப்பாய்வுத் திட்டத்தைத் திருப்பி அனுப்புங்கள். பெண்கள் எண்ணிக்கை குறைவாக இருந்தாலே அப்படித்தான் வரும். பாலினத்துக்கும் சிகிச்சைக்கும் இடையிலான ஊடாட்டத்தை, அதாவது சிகிச்சையின் பலன் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடுகிறதா என்பதை, நேரடியாகச் சோதிக்கும் திட்டம், ஆய்வு தொடங்கும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்.

மாதவிடாய்ச் சுழற்சி முடிவுகளைக் குழப்பும் என்பது பழைய சாக்கு. குழப்புமா என்று தெரிந்துகொள்ளத்தான் ஆய்வு. சுழற்சியின் எத்தனையாவது நாள், ஹார்மோன் கருத்தடை எடுக்கிறாரா, மாதவிடாய் நின்றுவிட்டதா என மூன்று கட்டங்கள் படிவத்தில் இருந்தால் போதும். இந்தத் தகவலுக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு லாமோட்ரிஜின் ஓர் உதாரணம். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை இந்த வலிப்பு மருந்தின் இரத்த அளவை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். வலிப்பு திரும்ப வரலாம். கருத்தடை மாத்திரையை நிறுத்தினால் மருந்தின் அளவு மறுபடி ஏறும்.

பரிசோதனைகளின் இயல்பு வரம்பையும் விட்டுவிடாதீர்கள். டிரோபோனின் என்பது இதயத் தசை சேதமடைந்தால் இரத்தத்தில் கூடும் புரதம். மாரடைப்பைக் கண்டறிய அதை அளக்கும் ஓர் உயர் உணர்திறன் சோதனையில் மேல் எல்லை ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 16 நானோகிராம், லிட்டருக்கு. இருவருக்கும் பொதுவாக 26 என்று வைத்தால் 20 காட்டும் பெண் "இயல்பு" ஆகிவிடுவார். ஸ்காட்லாந்தில் 48,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் தனித்தனி எல்லையைப் பயன்படுத்தியபோது, பொது எல்லையில் தவறியிருக்கக்கூடிய இதயத் திசுச் சேதம் பல பெண்களிடம் தெரிந்தது. ஆனாலும் அவர்களுக்குக் கிடைத்த சிகிச்சை ஆண்களுக்குக் கிடைத்ததில் ஏறக்குறைய பாதிதான். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது நிலைமை மேம்படவும் இல்லை. ஆகவே சோதனைக் கருவி பற்றிய ஆய்வென்றால், முடிவு வந்த பின் யாருக்கு என்ன சிகிச்சை எத்தனை மணி நேரத்தில் கிடைத்தது என்பதையும் ஆண், பெண் வாரியாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

கடைசியாகக் கர்ப்பிணிகள். அவர்களை விலக்குவதானால் "வழக்கப்படி" என்று எழுதுவதை ஏற்காதீர்கள். மருந்து வாரியாகக் காரணம் வேண்டும். ஆய்வின் நடுவே ஒருவர் கருவுற்றால் அவரை நீக்கிவிட்டுக் கோப்பை மூடக்கூடாது. பிரசவம் வரைக்கும், அதன் பிறகு குழந்தையையும், யார் எவ்வளவு காலம் தொடர்ந்து பார்ப்பார்கள், அந்தச் செலவு யாருடையது என்பது ஒப்புதல் படிவத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
மருந்தியல், மருத்துவப் புள்ளியியல் ஆசிரியர்கள்