சனிக்கிழமை நான் இருக்க மாட்டேன்

அன்புள்ள உங்களுக்கு,

31 ஆண்டுகளில் உங்களைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஊரறிய எழுதும் இக்கடிதத்திலும் அதைத் தொடங்கப்போவதில்லை.

திருக்கடையூரில் அண்ணனின் அறுபதாம் கல்யாணத்துக்குத் தனியாகவே போகிறேன். பிறந்த மாதத்தில் நட்சத்திரம் என்றைக்கு வருகிறதோ அன்றுதான் அதைச் செய்ய வேண்டும். அது சனிக்கிழமையாக வாய்த்தது யாருடைய குற்றமும் இல்லை. உங்களுக்கு டயாலிசிஸ் நடக்கும் செவ்வாய், வியாழன், சனி போக மிஞ்சிய நாட்களில்தான் இந்த 6 ஆண்டுகளாக நமக்கு உறவினர்கள் இருந்தார்கள்.

அண்ணன் மகளின் கல்யாணப் பந்தி அப்படியொரு திங்கட்கிழமை. டயாலிசிஸ் முடிந்து இரண்டு நாளாகச் சேர்ந்த நீரில் காலையிலேயே உங்கள் கணுக்கால் வீங்கியிருந்தது எனக்கு மட்டுமே தெரியும். அண்ணன் தானே வாளியைத் தூக்கிவந்து, "மாப்பிள்ளைக்கு இன்னொரு கரண்டி" என்று பாயசத்தை ஊற்ற, நீங்கள் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோக, எதிர்வரிசை முழுவதும் பார்த்திருக்க நான் அதைப் பிடுங்கினேன். நீங்கள் எதுவும் சொல்லவில்லை. மோர் வருமுன்பே இலையை மடித்துவிட்டு எழுந்தீர்கள்.

பிடுங்கியது தவறு, மன்னித்துவிடுங்கள். ஆனால் மறுநாள் டிரை வெயிட்டுக்கு, அதாவது மிகைநீர் இல்லாதபோது உள்ள எடைக்கு, மேல் 3.5 கிலோ இருந்ததையும், அந்த நீரை எடுக்கையில் கெண்டைக்கால் இழுத்து நீங்கள் துடித்ததையும், என்னைக் கொடுமைக்காரியாகப் பார்த்த அந்தப் பந்தியில் எவரும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தபின் பேசியவற்றை எழுத மாட்டேன். இதை உங்கள் அக்காவும் படிப்பார்.

அதன்பின் எந்த அழைப்பிதழ் வந்தாலும், "நீ போய்விட்டு வா" என்றீர்கள். போனால் வாசலில் தொடங்கி வெற்றிலைபாக்கு வாங்கும்வரை உங்கள் சிறுநீரகத்தைப் பற்றியே கேட்பார்கள் என்பதால் நானும் போகவில்லை. அதை நீங்கள் தியாகம் என்று நினைத்திருந்தால், பாதி சோம்பல் என்று திருத்திக்கொள்ளுங்கள்.

இரவில் உங்கள் இடக்கை என்மேல் கிடக்க, டயாலிசிஸ் ஊசிக்காக அதில் ரத்தக்குழாய்களை இணைத்த பிஸ்டுலாவின் அதிர்வு தெரிந்தால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது. மயிலாடுதுறையில் அந்த ஒரு நாளைக்கு மட்டும் டயாலிசிஸுக்கு இடம் கேட்டுப் பேசி, மஞ்சள்காமாலை, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகள்வரை நான் அடுக்கிவைத்திருந்த ஃபைலை, திறந்துகூடப் பார்க்காமல் ஒதுக்கித் தள்ளியதும் அதே கைதான்.

அண்ணிக்கு மூன்றாம் முடிச்சுப் போட வேண்டிய நாத்தனார் நான். வெள்ளிக்கிழமை மதியம் கிளம்புகிறேன். சனிக்கிழமை தம்பி உங்களை அழைத்துப்போவான். இரண்டு பாட்டில்களில் கோடு போட்டு, நாளுக்கு ஒன்றாகத் தண்ணீர் வைத்திருக்கிறேன். கோட்டைத் தாண்டினீர்களா என்று திரும்பி வந்து கேட்க மாட்டேன்.

உங்கள் மனைவி